முதல் சுற்றில் ஒரு கரும்புள்ளி

கரிக்கலாம்பாக்கத்தில் பாக்யராஜ் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. எரிந்த மோட்டாரைப் பிரித்தால் வருகிற பழைய செம்புக் கம்பி பட்டறைக்காரனுக்குச் சேரும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பாக்யராஜ் அந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. பழைய காயிலைக் கலையாமல் எடுத்துக் கட்டி, ஒரு அட்டையில் சொந்தக்காரர் பெயரையும் தேதியையும் எழுதி, சுவரில் அறைந்த ஆணியில் மாட்டிவிடுவான். தான் கட்டிக் கொடுத்த மோட்டார் ஒரு போகம் முழுக்க ஓடி, அறுவடை முடிந்த பிறகே அது கீழே இறங்கும். சொந்தக்காரர் கைக்கே திரும்பும்.

"நாம கட்டுனது ஓடுதா இல்லையான்னு தெரியறதுக்கு முன்னாடியே பழச எடைக்குப் போட்டுட்டா, அது இன்னா வேலை?" என்பான்.

சித்திரை மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே பெயர் மூன்றாவது ஆணியிலும் ஏறியது. கரியமாணிக்கத்துச் சுப்பராயலு, ஐந்து எச்.பி. நீர்மூழ்கி மோட்டார்.

அவன் மனைவி உஷாராணி அன்று சாயங்காலம் திருபுவனையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, வழக்கம்போலப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தாள். பாக்யராஜ் வேலை எதுவும் செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையை வாசல் வெளிச்சத்துக்கு நேராக நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சுவேதாப்பா, ரேகை பாக்குறியா?"

"நடுங்குதா பாரு."

"எங்க, காட்டு." சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள். "சூடா இருக்குது. வேற ஒண்ணுமில்ல."

"நீ புடிச்சுகினா எப்பிடி நடுங்கும்? வுட்டுட்டுப் பாரு."

விட்டுவிட்டுப் பார்த்தாள். ஆடியது போலவும் இருந்தது, ஆடாதது போலவும் இருந்தது. எந்தக் கையையும் அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஆடத்தான் செய்யும். அதைச் சொன்னால் அவன் கேட்கிற நிலையில் இல்லை.

"மொத தடவ முப்பத்தெட்டு நாள் ஓடுச்சு. ரெண்டாவது முப்பத்தொண்ணு. இப்ப இருபத்தி நாலு" என்றான். "இந்தத் தடவ நாலு நாள் எடுத்துக் கட்டுனேன் உஷா. ஒவ்வொரு குழியா தடவிப் பாத்துக் கட்டுனேன். சுப்பராயலு பெரியவரு வந்து சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. செல்லக்கண்ணு டீக்கடையில உக்காந்துகினு, பாக்யாவுக்குக் கை தளந்துபோச்சு, பாவம்னாராம். பாவம்னாராம்."

"அவரு கெடக்கறாரு."

"இல்ல. இத்த ஒரு தடவ கட்டிக் குடுத்துடறேன். அதோட பட்டறைய மூடிடலாம். சேதராப்பட்டுல செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். கேட்டுக்குப் பக்கத்துல நிக்கறதுக்குக் கை நடுங்குனா இன்னா, நடுங்காட்டி இன்னா?"

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு உஷாராணிக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் தன் கையைத் தானே நம்பாமல் போவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய கஷ்டம். மகள் சுவேதா நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வீட்டில் இவன் பேச்சுதான் சத்தம். அதுவும் ஒரு மாதமாகக் குறைந்துவிட்டது. வேலை தொடங்கும்போது, மோட்டாருக்குள் கம்பி இறங்குகிற முதல் குழியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போடுவான். மூன்றாவது முறை கட்டியபோது அதைப் போடவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். கேட்கவில்லை.

கேட்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அந்த மோட்டாரை ஓட்டுகிற பெட்டி அவள் கம்பெனியில் செய்தது. சோலார் தகட்டிலிருந்து வருகிற கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற டிரைவ் பெட்டி. புது ரகம், பழையதில் பாதி அளவுதான், அவ்வளவாகச் சூடாகாது, மேகம் மூடின நாளிலும் தண்ணீர் எடுக்கும். சுப்பராயலுவின் பழைய பெட்டி இடி விழுந்து கெட்டபோது, "இத்த போடுங்கய்யா" என்று வீடு தேடிப் போய்ச் சொன்னவள் உஷாராணிதான். போன ஆடியில் மாட்டினார்கள். அதோடு சேர்த்துக் கொடுக்கிற, கரண்டை வடிகட்டி அனுப்பும் பில்டர் பெட்டியில் உள்ள காயில்களை அவளே சுற்றியிருந்தாள். கம்பெனியில் ஒன்பது வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. டியூப்லைட்டுக்குச் சோக் இருக்கிறதே, அதைப் போல நூறு மடங்கு பெரிதாக நினைத்துக்கொண்டால் அந்தக் காயில். கணவன் மோட்டாருக்கும் மனைவி பில்டருக்கும் செம்புக் கம்பி சுற்றுகிற வீடு அது.

ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. தையில் பழைய மோட்டார் தேய்ந்துபோய், பாக்யராஜ் கட்டிய இந்த மோட்டாரை இறக்கினார்கள். மாசியில் அது முதல்முறை எரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. பாக்யராஜ் ஒயர் வாங்க வில்லியனூர் போயிருந்தான். பட்டறையைப் பெருக்கப் போனவள், துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு மூன்று ஆணிகளிலும் இருந்த காயில்களை இறக்கினாள். ஒரு சாக்கை விரித்து, தேதி வரிசைப்படி அடுக்கினாள். பிறகு கம்பெனியில் செய்வது போல, ஈரத் துணியால் துடைத்து, நுனியிலிருந்து ஒவ்வொரு சுற்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

முதலில் எரிந்த காயிலில், மோட்டாருக்குள் கரண்டு நுழைகிற முனையை ஒட்டி, இரண்டாவது சுற்றில் ஒரு கரும்புள்ளி இருந்தது. ஊதுவத்தி நுனியால் சுட்டது போல அவ்வளவு சின்னது. மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறை அந்த இடத்தில் மட்டும் ஓட்டை. அங்கே தண்ணீர் புகுந்துதான் மற்றது எல்லாம் எரிந்திருக்கிறது.

இரண்டாவது காயிலை எடுத்தாள். முனையை ஒட்டி முதல் சுற்று. ஒரு புள்ளி.

மூன்றாவதில் இரண்டு புள்ளிகள். இரண்டும் முதல் மூன்று சுற்றுக்குள்.

நடுவில் எங்கும் இல்லை. குழியின் விளிம்பில் உராய்ந்த இடத்தில் இல்லை. ஒட்டுப் போட்ட இடத்திலும் இல்லை. உஷாராணி சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை நடுங்கினால் எங்கே வேண்டுமானாலும் நடுங்கும். மூன்று தடவையும் ஒரே இடத்தில் வந்து நடுங்குமா?

மூன்று காயிலிலிருந்தும் அந்த இடத்தை மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதிய துண்டுக் காகிதத்தைச் சுற்றி, காலி டிபன் பாக்ஸில் போட்டு மூடினாள். காயில்களை முன்பு போலவே ஆணியில் மாட்டினாள். அவன் திரும்பி வந்தபோது தரை பளிச்சென்று இருந்தது.

"இன்னாடி, கல்யாண வூடு மாதிரி இருக்குது? மூடப் போறதுன்னு கழுவிட்டியா?"

"வாய மூடு மொதல்ல" என்றாள்.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் மாட்டிக்கொண்டாள். செக்யூரிட்டி கண்ணையன் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு அவளையும் செம்புத் துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இருவது வருசமா இந்த வேலை பாக்கறேன். செம்ப வெளிய கொண்டுபோறவங்களத்தான் புடிச்சிருக்கேன். நீ உள்ள கொண்டு வர்றியே, இத்த எந்த நோட்டுல எழுதறது?"

"சாப்பிடறதுக்குண்ணா. தொட்டுக்க" என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

டெஸ்டிங் பிரிவில் இருக்கும் குமரவேல் இஞ்சினியர். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அக்கா என்றுதான் கூப்பிடுவான். மூன்று துண்டுகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தான்.

"யாரு கட்டுனது?"

"வூட்டுக்காரரு."

"கட்டுல ஒரு தப்பும் இல்லக்கா. இது வெளியிலிருந்து வாங்குன அடி."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனுக்கு ஒரு வேளை சோறு போடலாம் என்று இருந்தது அவளுக்கு. ஆனாலும் முழுக்கத் தெரிந்துகொள்ளாமல் நகரக் கூடாது என்று நின்றாள்.

குமரவேல் கேட்டான். "பாகூர் ஏரி மதகுல பலகை இறக்கறதப் பாத்திருக்கியா? மெதுவா இறக்குனா இன்னா ஆவும்?"

"தண்ணி பேசாம நிக்கும்."

"டப்புனு போட்டா?"

"மோதி ஆள் உயரத்துக்குத் தெறிக்கும்."

"அதான். நம்ம பொட்டி மோட்டாருக்குக் கரண்ட ஒரேயடியாக் குடுக்கறதில்ல. செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவ தெறந்து தெறந்து மூடுது. பழைய பொட்டியில இருந்த சுவிட்சு கொஞ்சம் நிதானமாத் தெறக்கும். புதுசு சிலிக்கான் கார்பைடுல செஞ்ச சுவிட்சு. கண்ண மூடித் தெறக்கறதுல கோடியில ஒரு பங்கு நேரம்கூட எடுத்துக்காது. அதனாலதான் பொட்டி சின்னதாச்சு, சூடு கொறஞ்சுது. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த வேகம் ஒயர் வழியா ஓடிப்போயி மோட்டார் வாயில மோதும். ஒயர் நீளமா இருந்தா மோதுற எடத்துல வோல்டேஜ் ரெட்டிப்பாகும். மொத அடிய வாங்கறது யாரு?"

"மொத சுத்து" என்றாள் உஷாராணி.

"அதுக்குத்தான் பில்டர். பொட்டிக்குப் பக்கத்துலயே நின்னு அந்த அடிய தானே வாங்கிகினு, மோட்டாருக்கு வழவழன்னு அலையா அனுப்பும். பில்டர் இல்லாம ஓட்டிருக்காங்க."

"பில்டர் இருக்குதே. நான்தானே சுத்துனேன்."

குமரவேல் லென்ஸைக் கீழே வைத்தான். "இருந்தா இப்பிடி எரியாதுக்கா. போயி ஒரு வாட்டி பாத்துட்டு வா."

மதியத்துக்கு மேல் பர்மிஷன் போட்டுவிட்டு, கரியமாணிக்கத்துக்குப் பஸ் ஏறினாள்.

சுப்பராயலுவின் போர்வெல் கொட்டகை கரும்புக்கு நடுவில் இருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தாள். பெட்டி மாட்டியிருந்த சுவரில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. கொட்டகைக் கூரைமேல் சோலார் தகடுகளும் இல்லை. மூலையில் யூரியா சாக்குக்குக் கீழே சதுரமாக ஒன்று தெரிந்தது. சாக்கை நகர்த்தினாள். பில்டர்தான். யாரோ அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள்; சுண்ணாம்பு விரல் தடம் இருந்தது. பில்டரைக் கழற்றிவிட்டு டிரைவை ஓட்டக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஆங்கிலத்திலும் இந்தியிலும் சுவரைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தது.

உஷாராணி முந்தானையால் சுண்ணாம்பைத் துடைத்தாள்.

கொட்டகையிலிருந்து புது ஒயர் ஒன்று கம்பங்களின் மேல் தாவித் தாவி வீட்டுப் பக்கம் போயிற்று. அதன் அடியிலேயே வரப்பில் நடந்தாள். மீட்டருக்கு ஒரு எட்டு என்று எண்ணிக்கொண்டே போனதில் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. நடக்க நடக்க அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. எதிரே சுப்பராயலு வந்தார்.

"ஏம்மா உஷா, நீ எங்க இந்த வேளையில? மோட்டார் ரெடியா?"

"பொட்டிய எப்ப வூட்டுக்கு மாத்துனீங்கய்யா?"

"தை மாசம். அது வந்து... தகடு மேல தேங்கா விழுந்துகினே இருந்துது. அதான் மாடியில ஏத்திட்டேன்."

உஷாராணி கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பு. "எந்தத் தேங்காய்யா? தென்ன மரம் ஒண்ணுகூட இல்லியே."

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை. "வெயில்ல நிக்காத. வூட்டுக்கு வா" என்று முன்னால் நடந்தார்.

வீட்டின் பின்கட்டில் அவர் மனைவி விஜயகுமாரி கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெட்டி அங்கேதான் இருந்தது. எல்லா வீட்டிலும் மார்பு உயரத்தில் மாட்டுவார்கள். இங்கே நாற்காலியின் கைப்பிடி உயரத்தில் மாட்டியிருந்தது.

"வா உஷா. இந்தக் கூத்தப் பாத்தியா?" என்றார் விஜயகுமாரி. "மார்கழியில வரப்புல வழுக்கி விழுந்து முட்டி போயிடுச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து மோட்டார் போடறது நான். நடக்காத, நான் போடறேன்னாரு. எனக்கு மனசு கேக்கல. நொண்டிகினே போயிடுவேன். அதுக்குத்தான் பொட்டியவே கொண்டாந்து கைக்கு எட்டற மாதிரி வெச்சுட்டாரு. நாற்காலிய போட்டு, என்ன உக்கார வெச்சு, இஞ்சு டேப்பால அளந்து மாட்டுனாரு. காபி குடிச்சுகினே சுவிட்ச் போடறேன், மகாராணி கணக்கா."

சுப்பராயலு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குச் சொன்ன தேங்காய்க் கதை எதற்கென்று உஷாராணிக்கு இப்போது புரிந்தது. வரப்பு நெடுக ஏறிய கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அந்தக் கனமான பில்டர் பொட்டிய மட்டும் ஏன்யா அங்கியே வுட்டுட்டீங்க?"

"அது கொய்ங்னு கத்திகினே இருந்துதும்மா. மேல கைய வெச்சா சூடு வேற. இவளுக்குச் சக்கரை. வெரல்ல உணர்ச்சி கம்மி. தெரியாம கைய வெச்சா வெந்தாக்கூடத் தெரியாது. பொட்டி மாத்த வந்த ஒயர்மேன், அது இல்லாட்டியும் ஓடும்னான். ஓடுச்சு. வுட்டுட்டேன்."

உஷாராணி டிபன் பாக்ஸைத் திறந்து மூன்று துண்டுகளையும் நாற்காலிப் பக்கத்துத் திண்டில் வரிசையாக வைத்தாள். மதகு, பலகை, மோதல் எல்லாம் நிதானமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க சுப்பராயலு மெல்லக் கீழே குந்திக்கொண்டார்.

"அப்ப மூணு வாட்டியும் கொளுத்துனது நானா?"

"திரும்பக் கொட்டாய்லயே கொண்டு போயி மாட்டுங்க" என்றார் விஜயகுமாரி. "நான் நடந்துக்கறேன்."

"நீ நடக்க வேணாம்."

"யாரும் நடக்க வேணாம்" என்றாள் உஷாராணி. "பில்டர் இங்க வந்தா போதும். ஒயர் இந்த நீளத்துக்கும் தாங்கும். சூட்டுக்குக் கூண்டு கட்டிக்கலாம். அத்த வுடுங்கய்யா. இப்ப எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க."

"சொல்லு."

"வூட்டுல நான் போயி இத்தச் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. பொண்டாட்டி ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனப்பாரு. பட்டறைய மூடறேங்கறாரு. கை நடுங்குதுன்னு நாளெல்லாம் வெளிச்சத்துல நீட்டிப் பாத்துகினு உக்காந்திருக்காரு." அவரை நேராகப் பார்த்தாள். "கை தளந்துபோச்சு, பாவம்னு டீக்கடையில சொன்னது நீங்கதானய்யா."

விஜயகுமாரி கீரையைக் கீழே வைத்தார். "அப்பிடியா சொன்னீங்க?"

சுப்பராயலு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உஷாராணி மூன்று துண்டுகளையும் காகிதத்தில் சுற்றி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை ஆறே முக்கால். உஷாராணி கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பட்டறைக்கு எதிரே செல்லக்கண்ணு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுப்பராயலுவின் மொபெட் வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பில்டர். வண்டி அதன் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் பட்டறைக்குப் போகவில்லை. நேரே டீக்கடை முன்னால் நின்றார்.

"செல்லக்கண்ணு, எல்லாருக்கும் ஒரு டீ போடு. போன வாரம் இங்க உக்காந்து ஒரு பேச்சு பேசிட்டேன். பாக்யா கை நல்லாத்தான் இருக்குது. கோளாறு என் வூட்டுல. தோ, இத்தக் கழட்டிப் போட்டுட்டு மோட்டார ஓட்டிருக்கேன்."

"ஏன் பெரியவரே கழட்டுனீங்க?" என்றார் செல்லக்கண்ணு.

"பொட்டிய வூட்டுக்கு மாத்தும்போது."

"தேங்கா விழுந்துதுன்னு மாத்துனீங்களே, அப்பவா?"

"தேங்காயும் இல்ல, மாங்காயும் இல்ல. வூட்டுக்காரிக்கு முட்டி வலி. நடக்கக் கூடாதுன்னு மாத்துனேன். போதுமா?"

கடையில் பெரிய சிரிப்பு எழுந்தது. "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா வெக்கம்?" என்று ஒருவர் கேட்க, அவர் டீயை வாங்கி ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

பாக்யராஜ் பட்டறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை. நான்கு பேர் பில்டரைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்ததும் உட்கார்ந்து மூடியைக் கழற்றினான். உள்ளே தடித்த இரும்பில் மூன்று காயில்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நின்றன. ஒரு தகட்டில் பதினேழு என்று எண் குத்தியிருந்தது.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. உஷாராணி கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

"பதினேழு யாரு?" என்றான் பாக்யராஜ்.

"என் நம்பர்."

கட்டைவிரலால் சுற்றுகளின் மேல் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினான். ஒன்பது வருடமாக அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் சுற்றிய ஒன்றை அவன் கையால் தொடுவது இதுதான் முதல்முறை.

"இறுக்கமா இருக்குது" என்றான். அவன் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது. பிறகு கட்டு நாடாவின் முடிச்சைப் பார்த்தான். "இது என் முடிச்சு மாதிரி இருக்குதே?"

"பின்ன வேற எவங்கிட்ட கத்துக்குவேன்?"

டிபன் பாக்ஸை எடுத்து மூன்று துண்டுகளையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். "பாரு. மூணும் மொத சுத்து. உன் கை நடுங்கிருந்தா மூணு வாட்டியும் இங்கியேவா வந்து நடுங்கும்?"

அவன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "எப்பப் பாத்த?"

"கல்யாண வூடு மாதிரி இருக்குதுன்னு சொன்னியே, அன்னிக்கு."

அந்த வாரமே நான்காவது முறையாகக் கட்டினான். தொடங்குமுன் முதல் குழியில் கட்டைவிரல் ஒரு சிலுவை போட்டது. விஜயகுமாரிக்காகச் சன்னக் கம்பிவலையில் ஒரு கூண்டு செய்து, பில்டரைப் பின்கட்டுச் சுவரின் வெளிப்பக்கம், காற்றுப் படுகிற இடத்தில் மாட்டினான். சுவருக்கு அப்பால் இருப்பதால் அதன் சத்தமும் உள்ளே அவ்வளவாக வரவில்லை. உஷாராணி ஒரு டப்பா சிவப்பு பெயின்டும் பிரஷும் கொண்டுவந்து, கூண்டின் தகட்டில் தமிழில் எழுதினாள்: "இது மோட்டாரின் உயிர். கழற்றாதீர்கள். தொடாதீர்கள், சுடும்." அச்சு எழுத்து மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

விஜயகுமாரி நாற்காலியிலிருந்தபடியே சுவிட்ச் போட்டார். சிறிது நேரத்தில் தூரத்தில் கொட்டகைப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சுப்பராயலு "வந்துடுச்சு!" என்று கத்தினார். பாக்யராஜ் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். உஷாராணி அதைப் பார்த்தாள். இன்னும் நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாள்தான் ஆயிற்று. வீட்டுக் காலண்டரில் அவள் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டுவந்தாள். இருபத்தி நான்காம் நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றான். அன்று போன் செய்தது சுவேதாதான். முப்பத்தொன்றாம் நாள், சேதராப்பட்டுக்கு எழுதிய விண்ணப்பம் எங்கே என்று கேட்டான். "மேரி மாதா படத்துக்குப் பின்னால" என்றாள். எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டான்.

முப்பத்தெட்டாம் நாள் போனதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த உஷாராணி பட்டறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். பாக்யராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையை வெளிச்சத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் சுவரில் அந்த மூன்று காயில்களும் அப்படியே தொங்கின. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது.

"இன்னா சுவேதாப்பா?" என்றாள்.

"புது ஒயர் வந்திருக்குது. உறை ஒரே மாதிரி இருக்குதான்னு பாக்கறேன்." அவன் விரல்களுக்கு நடுவில் நூல் கனத்துக்கு ஒரு கம்பி மின்னியது. அப்போதுதான் அவளுக்கு அது தெரிந்தது. "பாகூர்லேருந்து ரெண்டு மோட்டார் வந்திருக்குது. அத்த வுடு, ஏன் அங்கியே நிக்கற?"

"இல்ல... கைன்னு நெனச்சேன்."

"கையா?" பாக்யராஜ் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தக் கை?"